முதன்மை ஆசிரியரின் தாட்சண்யம்

ஆய்விதழ்களில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சி. திருட்டுக் கொடுத்தவர்கள் ஒன்று, திருடனைப் பிடித்தவர்கள் இன்னொன்று. நான் இரண்டிலும் சேர்த்தியில்லை. பிடிக்கச் சொல்லி நாற்காலி போட்டு உட்காரவைக்கப்பட்டு, அந்த நாற்காலியில் சுகமாக உட்கார்ந்திருந்தவன்.

தாம்பரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வணிகவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். அந்த வழியில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. நீங்கள் எதை நினைக்கிறீர்களோ அது இல்லை. கல்லூரி நடத்திய அரையாண்டு ஆய்விதழுக்கு நான் முதன்மை ஆசிரியர். உள்ளட்டையில் ஆசிரியர் குழுவின் பட்டியல் இருக்கும். என் பெயருக்குக் கீழே மலேசியாவிலிருந்து ஒருவர், எத்தியோப்பியாவிலிருந்து ஒருவர். தாங்கள் குழுவில் இருப்பது அவர்களுக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை.

இதழ் பிறந்த கதை சிறியது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிறது என்றால் எங்கள் கல்லூரியில் முதலில் வெள்ளையடிப்பார்கள், பிறகு பூந்தொட்டி வைப்பார்கள், அப்புறம் ஆராய்ச்சி செய்வார்கள். அப்படியொரு பருவத்தில் தாளாளர் கூப்பிட்டு, "சார், நம்ம பேர்ல ஒரு ஜர்னல் இருந்தா நல்லா இருக்குமே" என்றார். "இருந்துட்டாப் போச்சு சார்" என்றேன். டெல்லிக்கு விண்ணப்பித்து ஐ.எஸ்.எஸ்.என். எண் வாங்கினோம். இதழின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அட்டையில் அதைப் போட்டேன், ஏதோ விருது கிடைத்த மாதிரி. அந்த எண்ணுக்குக் காசு கிடையாது, தரச்சோதனையும் கிடையாது. சமையல் பத்திரிகைக்கும் தருவார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. அது வண்டியின் நம்பர் பிளேட் மாதிரி. ஓட்டுகிறவனுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

கட்டுரைகளுக்குக் குறைவே இல்லை. 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. கொண்டுவந்த விதிகளில் ஆசிரியரின் பதவி உயர்வுக்கு மதிப்பெண் கணக்கு வந்தது. கட்டுரை ஒன்றுக்கு இத்தனை என்று. அதுவரை விடைத்தாள் திருத்துவதைத் தவிர எதையும் எழுதாதவர்களெல்லாம் எழுதினார்கள். எழுதினார்கள் என்பதைக் கொஞ்சம் தாராளமாகப் புரிந்துகொள்ள வேண்டும். 2017-இல் யு.ஜி.சி. அங்கீகரித்த இதழ்களின் பட்டியல் வந்தபோது எங்கள் இதழும் எப்படியோ அதில் இருந்தது. பாயசம் போட்டுக் கொண்டாடினோம். மறு ஆண்டு மே மாதம் ஒரே அடியில் 4,305 இதழ்களைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். எங்களுடையதும் போனது. தாளாளர் காரணம் கேட்டார். "எல்லாம் அரசியல் சார்" என்றேன். எந்த அரசியல் என்று நல்லவேளையாக அவர் கேட்கவில்லை. அதே ஆண்டு பூஷண் பட்வர்தனும் சக ஆய்வாளர்களும், பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்து அந்தப் பட்டியலில் ஏறியிருந்த ஆயிரத்துச் சொச்சம் இதழ்களைச் சோதித்து, ஏறக்குறைய 88 சதவீதம் தேறவில்லை என்று 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அந்தக் கட்டுரையைத் துறையில் எல்லோருக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவன் நான்தான். யாரோ வேறு ஆட்களைப் பற்றிய செய்தி என்ற தோரணையில்.

இந்தத் தோரணை எனக்கு நன்றாகவே வரும். பெரிய முறைகேடுகளின் செய்தியை வெட்டி ஒரு ஃபைலில் சேர்த்துவைத்திருந்தேன். குமாவுன் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ராஜ்புத், ஸ்டான்ஃபோர்டு விஞ்ஞானியின் கட்டுரையிலிருந்து எடுத்ததாக எழுந்த புகாரில் 2003-இல் பதவி விலகியது அதில் இருந்தது. திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் சிரஞ்சீவியின் கதை இருந்தது: 2004-க்கும் 2007-க்கும் இடையில் இருபத்தைந்து இதழ்களில் வந்த எழுபதுக்கு மேற்பட்ட கட்டுரைகள் காப்பியோ கற்பனையோ என்று 2008-இல் வெளியே வந்தது. பாண்டிச்சேரியில் துணைவேந்தராக இருந்தவர் கருத்துத் திருட்டுப் புகார்களுக்கும் தகுதிக் குறிப்பு பற்றிய புகார்களுக்கும் ஆளாகி 2016-இல் நீக்கப்பட்டதும் இருந்தது. இவற்றை வைத்துக்கொண்டு முதுகலை மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஓர் உரை நிகழ்த்துவேன். குரல் தழுதழுக்கும். ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: "சார், எழுபது கட்டுரையையும் யாரோ படிச்சுட்டுத்தானே சார் ஓகே சொல்லியிருப்பாங்க? அவங்க எல்லாம் என்ன ஆனாங்க?" மணி அடித்துவிட்டது என்றேன். அடிக்கவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

ஒரு நாள் பதிவுத் தபாலில் ஒரு கவர் வந்தது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கும் அம்மையார் அனுப்பியிருந்தார். தம் கட்டுரை ஒன்று, எங்கள் இதழில் வந்த கட்டுரை ஒன்று, இரண்டையும் வரி வரியாக மஞ்சள் மார்க்கரில் தடவியிருந்தார். எங்கள் கட்டுரையில் மஞ்சள் படாத இடம் ஆசிரியரின் பெயரும் ஊரும்தான். அந்தப் பெயர் என் துறையிலேயே இருக்கும் இளைஞனுடையது.

எனக்குச் செய்ய வேண்டியது தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1997-இல் பிரிட்டனில் மருத்துவ இதழ் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து 'கோப்' என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஆய்விதழில் முறைகேட்டுப் புகார் வந்தால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் கட்டமும் அம்புக்குறியுமாகப் படம் போட்டே வைத்திருக்கிறார்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவி. இரண்டையும் ஒப்பிட்டுப் பார். கட்டுரை எழுதியவருக்கு ஆதாரத்தோடு கடிதம் அனுப்பி விளக்கம் கேள். விளக்கம் சரியில்லை என்றால், பதிலே இல்லை என்றால், அவர் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு எழுது. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக் காரணத்தை வெளியிடு. புகார் கொடுத்தவருக்கு முடிவைச் சொல். நான் அதை வண்ணத்தில் அச்செடுத்து பீரோக் கதவில் ஒட்டியிருந்தேன். நாக் குழுவினர் அதைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பையனிடம் எனக்கு ஒரு கடன் இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தபோது, மொட்டை மாடியில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்த எங்களுக்கு இடுப்பளவுத் தண்ணீரில் பால் பாக்கெட்டும் பிரெட்டும் கொண்டுவந்தவன் அவன். அம்புக்குறிப் படத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

கடிதம் எழுதவில்லை. ஜி.எஸ்.டி. சாலை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"என்னப்பா இது?"

"சார், ரிவ்யூ ஆஃப் லிட்ரேச்சர் மட்டும்தான் சார் எடுத்தேன்."

"டேபிளும் அதேதானேப்பா. அவங்க திருநெல்வேலியில சர்வே பண்ணியிருக்காங்க. நீ தாம்பரத்துல பண்ணினதா போட்டிருக்க. ரெண்டு ஊர்லயும் அதே நூத்தம்பது பேர், அதே பதிலா?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "ஜனங்க எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிதானே சார் இருக்காங்க."

சிரித்துவிட்டேன். விசாரணை அதோடு முடிந்தது. "அடுத்த தடவை பார்த்து நடந்துக்கோ" என்று தீர்ப்புச் சொன்னேன். டீக்கு அவன்தான் காசு கொடுத்தான். எங்கள் இதழின் வரலாற்றில் நடந்த ஒரே முறைகேட்டு விசாரணைக்கான செலவை இப்படியாகக் குற்றம் சாட்டப்பட்டவரே ஏற்றுக்கொண்டார்.

அந்த அம்மையாருக்கு "தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது" என்று எழுதினேன். நினைவூட்டல் வந்தது. மறுபடியும் பரிசீலனையில் உள்ளது என்றேன். இன்னொரு நினைவூட்டல் தை மாதம் வந்தது. பொங்கல் வாழ்த்து அனுப்பினேன். இதற்கிடையில் ஒரு புத்திசாலித்தனமும் செய்தேன். கல்லூரி இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் பையனிடம் சொல்லி அந்தக் கட்டுரையைச் சத்தமில்லாமல் எடுக்கச் செய்தேன். பொருளடக்கத்தில் பக்க எண் 41-இலிருந்து 53-க்குத் தாவும். யாரும் கவனிக்கவில்லை. யார் மனமும் நோகாமல் நீதி வழங்கிவிட்டேன் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

சத்தமில்லாமல் எடுப்பதே தனியொரு தவறு என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. திரும்பப் பெற்ற கட்டுரை அதே இடத்தில் இருக்க வேண்டும். அதன் மேல் திரும்பப் பெறப்பட்டது என்ற முத்திரை இருக்க வேண்டும். யார், ஏன், எப்போது என்ற அறிவிப்பு எல்லோரும் படிக்கும்படி இருக்க வேண்டும். கோப் அமைப்பின் வழிகாட்டுதல் அதுதான். படிக்கிறவர்கள் எதை நம்பக் கூடாது என்று தெரிந்துகொள்வதற்காக இருக்கும் ஏற்பாடு. அழித்துவிட்டால் திருட்டும் இல்லை, திருட்டுக் கொடுத்தவரும் இல்லை.

ஓர் ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும். அந்த அம்மையார் போனில் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. "சார், என் தீசிஸை சாஃப்ட்வேர்ல போட்டாங்க. மூணாவது அத்தியாயம் முழுக்க உங்க ஜர்னல் கட்டுரையிலேர்ந்து எடுத்ததுன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. நீங்க ஒரு வரி போட்டிருந்தீங்கன்னா அதைக் காட்டியிருப்பேன் சார்."

நடந்தது இதுதான். அவருடைய கட்டுரை அச்சில் மட்டும் வந்த ஒரு சிறிய இதழில் வெளியானது. மென்பொருளுக்கு அது தெரியாது. எங்களுடையது இணையத்தில் இருந்ததால் மென்பொருள் அதை எப்போதோ விழுங்கிவிட்டிருந்தது. நான் தளத்திலிருந்து எடுத்தாலும் அதன் வயிற்றிலிருந்து எடுக்க முடியாதே. ஆக, திருடியவன் மூலம் ஆனான், எழுதியவர் நகல் ஆனார். கடிதம் தருகிறேன் மேடம் என்றேன். கல்லூரி லெட்டர்ஹெட்டில் போக வேண்டுமென்றால் தாளாளர் கையெழுத்து வேண்டும். தாளாளரிடம் போனால் இந்தக் கதையெல்லாம் சொல்ல வேண்டும். இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். கடைசியில் ஒரு நாள் நானே கூப்பிட்டேன். "பரவாயில்லை சார், அந்த அத்தியாயத்தையே மாத்தி எழுதிக் கொடுத்துட்டேன்" என்றார். தாம் எழுதிய வாக்கியங்களைத் தாமே காப்பியடிக்காத மாதிரி, வேறு வார்த்தை போட்டு எழுதியிருக்கிறார்.

சின்னச் சின்னத் தோல்விகளைச் சொல்லிச் சிரிப்பதற்குத்தான் இந்தப் பத்தியை ஆரம்பித்தேன். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. மற்றவற்றைச் சொல்கிறேன்.

2018 ஜூலையில் யு.ஜி.சி. கருத்துத் திருட்டுக்கென்றே விதிகளை அறிவித்தது. ஒற்றுமை பத்து சதவீதம் வரை தண்டனை இல்லை. பத்திலிருந்து நாற்பது வரை ஆய்வேட்டைத் திருத்திக் கொடுக்க ஆறு மாதம். நாற்பதிலிருந்து அறுபது என்றால் ஓர் ஆண்டுத் தடை. அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. ஆசிரியர் என்றால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும்; அளவு கூடக் கூட ஒரு இன்க்ரிமென்ட் போகும், இரண்டு போகும், புதிதாக ஆய்வு மாணவர்களைச் சேர்க்க முடியாது. விதி நல்ல விதிதான். ஆனால் எனக்கு அதில் பிடித்தது ஒன்றே ஒன்று: எண். மனிதரின் முகத்தைப் பார்த்து நீ திருடினாயா என்று கேட்க வேண்டாம். எண்ணைப் பார்த்தால் போதும். தாட்சண்யக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஊரும் அதைச் சீக்கிரம் கற்றுக்கொண்டது. மேற்குத் தாம்பரத்தில் ஸ்பைரல் பைண்டிங் போடுகிற சந்துகளில் 'பிளேஜியரிசம் குறைத்துத் தரப்படும்' என்று பேச ஆரம்பித்தார்கள், பக்கத்துக்கு இவ்வளவு. ஒரு மாணவரின் அத்தியாயம் முப்பத்தெட்டு சதவீதத்தில் போய் மறுநாளே ஒன்பதில் திரும்பி வந்தது. நான் எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். வைவாவின்போது வெளித்தேர்வாளர் ஒரு வரியை உரக்கப் படித்தார். வொர்க்கிங் கேப்பிட்டல் இருக்க வேண்டிய இடமெல்லாம் 'லேபரிங் மெட்ரோபொலிஸ்' என்று இருந்தது. மென்பொருள் ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் பக்கத்துச் சொல்லை எடுத்துப் போட்டிருக்கிறது. பிரான்ஸில் கியோம் கபனாக் என்ற கணினி அறிஞரும் நண்பர்களும் 2021-இல் இந்த மாதிரிச் சொற்களை வலைபோட்டுத் தேடி, பெயர்பெற்ற இதழ்களிலேயே குவியல் குவியலாகக் கண்டுபிடித்தார்கள். ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் 'கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னெஸ்' ஆகியிருந்தது. மார்பகப் புற்றுநோய் என்ன ஆகியிருந்தது என்பதை நான் இங்கே எழுத முடியாது. அவர்கள் கண்டுபிடிக்க ஒரு கணினி நிரல் தேவைப்பட்டது. எனக்கு ஒரே ஒரு பக்கத்தைப் படித்திருந்தால் போதும்.

மதிப்பீட்டாளர்கள் விஷயத்திலும் என் பேர் கெட்டதுதான். கட்டுரை அனுப்புகிறவர்களே இரண்டு மதிப்பீட்டாளர்களின் பெயரும் மின்னஞ்சலும் தரலாம் என்று வைத்திருந்தேன். எனக்குத் தேடும் வேலை மிச்சம். ஒருவர் தந்த மதிப்பீட்டாளர் காலையில் அனுப்பினால் மாலைக்குள் பதில் போட்டுவிடுவார். புகழ்ச்சியும் அளவாக இருக்கும், இரண்டு எழுத்துப் பிழையும் சுட்டிக்காட்டியிருப்பார். இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று ஆசிரியர் குழுக் கூட்டத்தில் அவரைப் பாராட்டிப் பேசினேன். தென்கொரியாவில் ஹ்யுங்-இன் மூன் என்ற மூலிகை ஆய்வாளர், தானே போலி மின்னஞ்சல்களை உண்டாக்கித் தன் கட்டுரைகளைத் தானே மதிப்பிட்டுக்கொண்டது 2012-இல் பிடிபட்டது. எப்படிப் பிடிபட்டார் தெரியுமா? மதிப்பீடுகள் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் வந்ததுதான் அவர் கட்டுரை அனுப்பிய இதழின் ஆசிரியருக்குச் சந்தேகம் தந்தது. அங்கே சந்தேகம் வந்த அதே இடத்தில் எனக்கு மரியாதை வந்திருக்கிறது. எங்கள் மதிப்பீட்டாளரின் மின்னஞ்சலும் கட்டுரையாளரின் வீட்டுக் கணினியிலிருந்துதான் வந்தது என்பதை அவருடைய பையன் பின்னொரு நாள், பெருமையாகவே, என்னிடம் சொன்னான்.

நான் மதிப்பீட்டாளராக இருந்த இடங்களில் மட்டும் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். தாம்பரத்தில் மின்சார ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தால், பூங்கா நிலையம் வருவதற்குள் ஒரு கட்டுரையை முடித்துவிடுவேன். பல்லாவரம் வரை சுருக்கம், கிண்டியில் முடிவுரை. நடுவில் இருப்பதைச் சைதாப்பேட்டைப் பாலத்துக்கு விட்டுவிடுவது வழக்கம்.

மேற்கோள் விவகாரம் இன்னும் அழகு. ஓர் இதழின் மதிப்பு, அதில் வந்த கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது என்று ஒரு பயிலரங்கில் கேட்டேன். அடுத்த வாரமே கட்டுரையை ஏற்றுக்கொள்ளும் கடிதத்தில் ஒரு வரி சேர்த்தேன்: நமது இதழில் வெளிவந்த கட்டுரைகளில் இரண்டையாவது மேற்கோள் காட்டவும். எல்லோரும் காட்டினார்கள். மளிகைக் கடை பற்றிய கட்டுரையில் மியூச்சுவல் ஃபண்ட் மேற்கோள் வந்தது. உலகளவில் இந்தத் தந்திரத்துக்காகப் பெரிய இதழ்களையே தரப்பட்டியலிலிருந்து தூக்கியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான்தான் கண்டுபிடித்தேன் என்று நினைத்திருந்தேன். 2023 ஜூனில், சென்னையைச் சேர்ந்த சவீதா பல் மருத்துவக் கல்லூரியில் இளநிலை மாணவர்கள் தேர்வு எழுதுவதுபோல உட்கார்ந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதுவதாகவும், அவற்றில் அதே கல்லூரியின் கட்டுரைகள் ஏராளமாக மேற்கோள் காட்டப்படுவதாகவும் 'சயின்ஸ்' இதழ் எழுதியது. அவர்கள் பக்கத்து நியாயத்தை அவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அன்று நடைப்பயிற்சியில் நண்பர்கள் அதைப் பற்றிப் பேசிக் கொதித்தபோது, நான் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. 2025-ஆம் ஆண்டு என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையிலிருந்து, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்காகக் கல்லூரிகளின் மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். நோக்கம் சரி. ஆனால் திரும்பப் பெற்றால் மதிப்பெண் போகும் என்ற நிலையில், புகார் வந்த கட்டுரையை எந்தக் கல்லூரி தானாக முன்வந்து விசாரிக்கும்? டீக்கடையில் விசாரித்து, பக்க எண்ணைத் தாவவிட்டு, பொங்கல் வாழ்த்து அனுப்பத் தெரிந்த ஆட்களுக்கு இனி கிராக்கி கூடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தண்டனையைத் தவற்றுக்கு வைக்க வேண்டும், தவற்றை ஒப்புக்கொள்வதற்கு வைக்கக் கூடாது. திரும்பப் பெற்ற எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், புகார் வந்த நாளிலிருந்து எத்தனை நாளில் விசாரித்தார்கள் என்றும் கேட்டால் என்னைப் போன்றவர்கள் பாடு கொஞ்சம் திண்டாட்டமாகிவிடும்.

கடைசியாக, என் பெயரில் இருக்கும் கட்டுரைகள். ஒரு கட்டுரையின் ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ள நான்கு நிபந்தனைகளை மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்திருக்கிறது: ஆய்வில் பெரும் பங்கு இருக்க வேண்டும், எழுதியதிலோ திருத்தியதிலோ கை இருக்க வேண்டும், இறுதி வடிவத்தைப் பார்த்து ஒப்புதல் தந்திருக்க வேண்டும், பிற்பாடு கேள்வி வந்தால் பதில் சொல்லப் பொறுப்பேற்க வேண்டும். எங்கள் பக்கத்தில் நிபந்தனை ஒன்றுதான், துறைத்தலைவராக இருக்க வேண்டும். என் பெயரில் உள்ள கட்டுரைகளில் சிலவற்றின் தலைப்பையே நான் பணி ஓய்வுக்காக பயோடேட்டா தயாரித்தபோதுதான் முதன்முதலாகப் படித்தேன். சேலையூர் பக்கம் ஒரு கருத்தரங்கில் ஓர் இளம் ஆய்வாளர் எழுந்து, "சார், உங்க பேப்பர்ல கைஸ்கொயர் டெஸ்டுக்கு எக்ஸ்பெக்டட் ஃப்ரீக்வென்சி அஞ்சுக்குக் கீழே வருதே, அதை எப்படி சார் எடுத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். "மிக நல்ல கேள்வி, சாப்பாட்டு நேரத்தில் விரிவாகப் பேசுவோம்" என்றேன். சாப்பாட்டு நேரத்தில் நான் கேம்ப் ரோடு சந்திப்பில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். கருத்தரங்கில் நல்ல பிரியாணி என்று பிறகு சொன்னார்கள்.

அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்து அந்தக் கட்டுரையை முதல்முறையாகப் படித்தேன். அட்டவணையின் கூட்டுத்தொகை தப்பு. நூற்றைம்பது பேர் என்று ஆரம்பித்து நூற்றறுபத்திரண்டு பேர் பதில் சொல்லியிருந்தார்கள். எழுதிய மாணவர் இன்று நல்ல பதவியில் இருக்கிறார். போன் போட்டேன், "விடுங்க சார், யார் படிக்கப் போறா" என்றார். பழைய நான் என்றால் விட்டிருப்பேன். திருநெல்வேலிக் குரல் காதில் இருந்ததாலோ, ஓய்வு பெற்றவனுக்கு இழக்க ஒன்றும் இல்லாததாலோ, அந்தக் கட்டுரை வந்த இதழுக்கு எழுதினேன். காசு வாங்கிக்கொண்டு எதையும் போடுகிற ரகம் அது. தவறு இருக்கிறது, திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றேன். வாழ்நாளில் ஒரு கடிதத்தை நான் அம்புக்குறிப் படத்தின்படி எழுதியது அதுதான்.

பதில் இரண்டே நாளில் வந்தது. கட்டுரையைத் திரும்பப் பெறக் கட்டணம் உண்டாம். வெளியிடக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு. செலுத்திய பிறகும் நீக்குவது ஆசிரியர் குழுவின் விருப்பத்துக்கு உட்பட்டதாம். ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்க மத்திய வணிக ஆணையம் தொடுத்த வழக்கில் இதே குற்றச்சாட்டு இருந்தது: ஆய்வாளர்கள் கேட்டாலும் கட்டுரையைத் திரும்பத் தருவதில்லை என்று. 2019 மார்ச்சில் நீதிமன்றம் ஐந்து கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. எனக்கு எழுதிய ஆசாமி அந்த அளவுக்குப் பெரியவர் இல்லை. ஒரு ஜிமெயில் முகவரியும் ஒரு யு.பி.ஐ. எண்ணும்தான் அவருடைய மொத்த நிறுவனம். இரண்டு மடங்கு கட்டணத்தைக் கொடுக்க வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை.

ஆகவே அந்தக் கட்டுரை இன்னும் இணையத்தில் இருக்கிறது. தாம்பரம் வட்டார மளிகைக் கடைகளில் வாடிக்கையாளர் மனநிறைவு என்பது தலைப்பு, ஆங்கிலத்தில் இருக்கும். உங்கள் வீட்டில் யாராவது வணிகவியலில் ஆய்வு செய்கிறார்கள் என்றால், தேடும்போது கண்ணில் படலாம். அட்டவணை மூன்றை நம்ப வேண்டாம். தயவுசெய்து அதை மேற்கோள் காட்டாதீர்கள்.